‘உலர்த்தினோம்’ என்பதா, ‘உலர்த்தப்பட்டது’ என்பதா? தமிழ் ஆய்வுக்கட்டுரையில் செயப்பாட்டுவினை

காரைக்குடி ஆய்வு மாணவி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதையே பிறகு ஆங்கில இதழுக்கும் அனுப்ப வேண்டும். அறிவியல் கட்டுரையில் ‘நாங்கள்’ தலைகாட்டவே கூடாது, முழுவதும் செயப்பாட்டுவினையில் இருக்க வேண்டும் என்கிறார் நெறியாளர். உடன் எழுதுபவரோ, வரிக்கு வரி ‘பட்டது, பட்டது’ என்று வந்தால் யார் படிப்பார்கள், எல்லாவற்றையும் செய்வினைக்கு மாற்று என்கிறார். செய்முறைப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

‘கானாடுகாத்தான் பகுதியில் பழைய வீட்டுச் சுவர்களிலிருந்து உதிர்ந்த பூச்சுத் துண்டுகள் சேகரிக்கப்பட்டது. மாதிரிகளை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டது. ஒப்பீட்டுக்குப் புதிய சாந்து தயாரிக்கப்பட்டது. சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்க்கப்பட்டு 90 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது. 28 நாள் கழித்து வில்லைகளை உடைத்து, பினாப்தலீன் தெளிக்கப்பட்டு, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக மாற்றப்பட்டது. பழைய பூச்சில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் பயன்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது. பழைய மாதிரிகளில் புரதம் இருப்பது எஃப்டிஐஆர் மூலம் கண்டறியப்பட்டது.’

இதில் எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும்? காரணத்தோடு சொன்னால் நெறியாளரிடம் பேச வசதியாக இருக்கும்.

மின்வேதியியல் மேசை

தங்கச்சி, கட்டுரை முழுவதற்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு வினையிலும் நின்று, இதைச் செய்தது யார் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் நடப்பது மூன்று வகை: நீங்கள் செய்தது, பொருள் தானே செய்தது, உங்களுக்கு முன்னால் வேறு யாரோ செய்தது. எல்லாவற்றுக்கும் ‘பட்டது’ போட்டால் மூன்றும் ஒரே மாதிரித் தெரியும். உங்கள் பத்தியில் நடந்திருப்பது அதுதான். நடை இருக்கட்டும், இரண்டு இடங்களில் வேதியியலே தப்பாகிவிட்டது.

முதலாவது, ‘90 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது’. சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகும். அந்த வினையே வெப்பத்தை வெளிவிடும். அடுப்பு வேண்டியதில்லை, கலவை தானாகக் கொதிநிலையை நெருங்கும். நீங்கள் எழுதியதைப் படித்து இதைத் திரும்பச் செய்து பார்ப்பவர், சூடான தட்டில் வைத்து 90 டிகிரிக்கு ஏற்றுவார். ஏற்கெனவே வினை தரும் வெப்பத்தோடு அதுவும் சேர்ந்தால் சுண்ணாம்பு பொங்கித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ‘நீர் ஊற்றி நீற்றினோம், கலவையின் வெப்பநிலை 90 டிகிரி வரை உயர்ந்தது’ என்று எழுதுங்கள். நீற்றியது நீங்கள், உயர்ந்தது வெப்பநிலை. நீர் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, எந்த நிமிடத்தில் அந்த 90 வந்தது என்பதையும் சேர்த்தால்தான் வாக்கியம் முழுமை பெறும்.

இரண்டாவது, ‘இளஞ்சிவப்பாக மாற்றப்பட்டது’. யாரும் மாற்றவில்லை, அது மாறியது. பினாப்தலீன் பிஎச் 8.2-க்குக் கீழே நிறமற்று இருக்கும், 10-ஐ நெருங்கும்போது நன்றாக இளஞ்சிவப்பு காட்டும். வில்லையின் நடுவில் ஹைட்ராக்சைடு இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. ஓரத்தில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு புகுந்து கார்பனேட்டாக மாறிவிட்டதால் அங்கே நிறம் வராது. ‘மாற்றப்பட்டது’ என்றால் ஏதோ சாயம் ஏற்றியது போல ஆகிவிடுகிறது.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட வினைகளே இரட்டையாக இருக்கின்றன: உயர்ந்தது, உயர்த்தினோம். கரைந்தது, கரைத்தோம். உருகியது, உருக்கினோம். ஆறியது, ஆற்றினோம். குறைந்தது, குறைத்தோம். ‘உயர்த்தப்பட்டது’ என்பது ‘உயர்த்தினோம்’ பக்கத்தைச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை உண்மையில் இல்லையென்றால் அங்கே ‘பட்டது’ வரவே கூடாது.

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊர் என்பதால் இங்கே பலரும் எழுதும் அரிமானக் கட்டுரையிலிருந்தும் ஒன்று. மென் எஃகுத் தகட்டை 3.5 சதவீத சோடியம் குளோரைடு கரைசலில் இறக்குகிறோம். ‘மின்னழுத்தம் மைனஸ் 0.55 வோல்ட்டிலிருந்து மைனஸ் 0.65 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது என்ன? தகட்டை வெறுமனே விட்டுவைத்தபோது திறந்த சுற்று மின்னழுத்தம் தானாக நகர்ந்ததா, அல்லது கருவியால் நொடிக்கு 0.1667 மில்லிவோல்ட் வீதம் அவர் நகர்த்தினாரா? இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ‘மாறியது’ என்றால் முதலாவது, ‘மாற்றினோம்’ என்றால் இரண்டாவது. ‘மாற்றப்பட்டது’ என்பதை எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினாரோ, படிப்பவருக்குத் தெரியாது.

எடை இழப்பிலும் இதே கதைதான். துருவை நீக்கும் கரைசல் துருவோடு சேர்த்து நல்ல உலோகத்தையும் கொஞ்சம் கரைக்கும். அதனால்தான் சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் ஜி1 முறையில், அரிக்காத தகடு ஒன்றையும் அதே கரைசலில் கழுவி, அது இழந்த எடையைக் கழிக்கிறோம். ‘0.12 கிராம் நீக்கப்பட்டது’ என்றால் அரிமானம் தின்றதா, நீங்கள் கழுவி எடுத்ததா? ‘அரிமானத்தால் 0.12 கிராம் குறைந்தது. கழுவும்போது கரைந்த 0.01 கிராமை இதில் கழித்துவிட்டோம்’ என்றால் கேள்விக்கே இடமில்லை.

ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘ஆக்சிஜனேற்றம் செய்த பொருள்’ என்பது ஆக்சிஜனேற்றி. ‘ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருள்’ என்பது எலக்ட்ரானை இழந்த பொருள். ‘செய்த’, ‘அடைந்த’ என்ற ஒரு சொல்லில் வினையின் திசையே திரும்பிவிடும். இங்கே ‘செய்யப்பட்ட’வை விட ‘அடைந்த’ தெளிவு.

தேவகோட்டைத் தமிழாசிரியர்

அம்மா, வேதியியலை மேலே நண்பர் பார்த்துக்கொண்டார். நான் வாக்கிய அமைப்பை மட்டும் பார்க்கிறேன். உங்கள் பத்தியில் இருக்கும் பிழைகள் இன்று பெரும்பாலான தமிழ் அறிவியல் கட்டுரைகளில் இருப்பவை. அவற்றில் ஒன்றுகூட செய்வினையில் எழுதியிருந்தால் வந்திருக்காது.

‘மாதிரிகளை உலர்த்தப்பட்டது’ பிழை. செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் எழுவாயாகிவிடும். எழுவாய்க்கு ‘ஐ’ உருபு வராது. ‘மாதிரிகள் உலர்த்தப்பட்டன’ அல்லது ‘மாதிரிகளை உலர்த்தினோம்’. பாதியில் மனம் மாறுவதால் வரும் பிழை இது: பேசும்போது வருவது போல ‘மாதிரிகளை’ என்று இயல்பாகத் தொடங்கிவிட்டு, கட்டுரை என்ற நினைப்பு வந்ததும் முடிவில் ‘பட்டது’ சேர்க்கிறோம்.

‘துண்டுகள் சேகரிக்கப்பட்டது’ என்பதில் எண் ஒத்துவரவில்லை. துண்டுகள் பன்மை, எனவே ‘சேகரிக்கப்பட்டன’. ‘சேகரித்தோம்’ என்றால் இந்தக் கவலையே இல்லை. துண்டு ஒன்றானாலும் நூறானாலும் வினைமுற்று மாறாது.

அடுத்தது எச்சம். ‘வில்லைகளை உடைத்து, பினாப்தலீன் தெளிக்கப்பட்டு, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக மாற்றப்பட்டது’ என்பதில் மூன்று வினைகளுக்கும் மூன்று எழுவாய்கள். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டு முடிவதுதான் முறை. உடைத்தவர் யாரோ அவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று எழுவாய் மாறியும் வழக்கில் வருவதுண்டு. அங்கே ஒன்று நிகழ, அதன் விளைவாக மற்றொன்று தானே நிகழ்கிறது. அந்த இடத்தை இங்கே கொண்டுவர முடியாது. எழுவாய் மாறும் இடத்தில் எச்சத்தையும் மாற்றிவிடுங்கள்: ‘வில்லைகளை உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தோம். தெளித்ததும் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக மாறியது.’ ‘தெளித்ததும்’, ‘தெளித்தபோது’, ‘தெளித்தால்’ ஆகியவை எழுவாய் மாற்றத்தைத் தாங்கும். ‘தெளித்து’ தாங்காது.

செயப்பாட்டுவினையையே வைத்துக்கொள்வதாக இருந்தாலும் ஒவ்வொரு எச்சத்துக்கும் ‘பட்டு’ போட வேண்டியதில்லை. ‘கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, எடை பார்க்கப்பட்டன’ என்று எழுதுபவர்கள் ‘கழுவி உலர்த்தி எடை பார்க்கப்பட்டன’ என்று கடைசி வினையில் மட்டும் வைத்தால் போதும்.

பெயரெச்சத்திலும் அப்படியே. ‘உலர்த்தப்பட்ட மாதிரி’ வேண்டாம், ‘உலர்த்திய மாதிரி’ போதும். சுட்ட செங்கல், அரைத்த சாந்து, பூசிய சுவர் என்றுதான் கொத்தனாரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். செங்கல் எதையும் சுடவில்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். குழப்பம் வரக்கூடிய இடம் மிகச் சிலதான். மேலே சொன்ன ஆக்சிஜனேற்றம் அதில் ஒன்று. ‘அமிலம் அரித்த உலோகம்’ என்று செய்தவரையும் சேர்த்துச் சொன்னால் அங்கும் தெளிவு வந்துவிடும்.

இனி முக்கியமான ஒன்று. ஆங்கிலத்தில் மாதிரியை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் பெரும்பாலும் செயப்பாட்டுவினைக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் அங்கே எழுவாய் முன்னும் செயப்படுபொருள் பின்னும் நிற்கும். தமிழில் அந்தக் கட்டாயம் கிடையாது. ‘இந்த மாதிரிகளை 105 டிகிரியில் உலர்த்தினோம்’ என்ற வாக்கியத்தில் மாதிரிதான் முன்னால் நிற்கிறது. ‘நாங்கள்’ என்ற சொல்லும் இல்லை. செய்தவர் ‘ஓம்’ என்னும் விகுதியில் அடங்கிவிட்டார். நெறியாளர் கேட்பதும் உடன் எழுதுபவர் கேட்பதும் ஒரே வாக்கியத்தில் கிடைக்கின்றன.

வினைமுதலை மறைத்துப் பேசும் வழி தமிழுக்குப் புதிதல்ல. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதில் ‘படு’ இல்லை. ‘கடை திறந்தது’, ‘சோறு வெந்தது’, ‘சுவர் பூசியாயிற்று’ என்றெல்லாம் ‘படு’ இல்லாமலேயே இன்றும் பேசுகிறோம்.

பள்ளத்தூர் நகல் திருத்துநர்

ஐயா சொன்ன இலக்கணம் அத்தனையும் சரி. ஆனால் ‘படு’வை அடியோடு துடைத்துவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு உரிய இடங்கள் இருக்கின்றன, இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. ‘இந்தச் சுவர் மூன்று அடுக்காகப் பூசப்பட்டிருக்கிறது’ என்பதை மாற்றாதீர்கள். பூசியவர் யாரென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, பேச்சு சுவரைப் பற்றியது. ‘வீட்டின் பின்கட்டு பின்னாளில் சேர்க்கப்பட்டது’ என்பதும் அப்படித்தான். செய்தவர் உண்மையிலேயே தெரியாத இடத்தில் ‘படு’ நேர்மையான வினை. செய்தவர் நாமாக இருக்கும்போது அதே வினையைப் போட்டால், தெரிந்ததைத் தெரியாதது போலச் சொல்கிறோம்.

இந்தப் பத்தியில் என்னை அதிகம் உறுத்துவது கடைசி இரண்டு வாக்கியங்கள். ‘முட்டை வெண்கருவும் கடுக்காயும் பயன்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது.’ யார் கூறியது? கொத்தனார்களிடம் கேட்டீர்களா? முன்பு வந்த ஆய்வுக்கட்டுரையா? வீட்டுக்காரர் சொன்னதா, சுற்றுலாக் கையேடா? நான்கின் மதிப்பும் நான்கு விதம். ‘கூறப்படுகிறது, கருதப்படுகிறது, நம்பப்படுகிறது, அறியப்படுகிறது’ என்ற நான்கு சொற்களையும் எந்த ஆய்வுக்கட்டுரையில் கண்டாலும் நான் பக்கத்தில் ‘யார்?’ என்று எழுதிவிடுவேன். பதில் இருந்தால் அதை எழுவாயாக்குங்கள்: ‘இப்பகுதிக் கொத்தனார்கள் வெண்கருவும் கடுக்காய் ஊறல் நீரும் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள்.’ பதில் இல்லையென்றால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். செட்டிநாட்டுப் பூச்சைப் பற்றி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய செய்திகள் ஏராளமாக உலவுகின்றன. ஆய்வுக்கட்டுரையும் அந்த வரிசையில் போய் நின்றுவிடக் கூடாது.

‘புரதம் இருப்பது எஃப்டிஐஆர் மூலம் கண்டறியப்பட்டது’ என்பதில் இரண்டு வேறு செயல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஃப்டிஐஆர் என்பது அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் கருவி. அது காட்டியது நிறமாலையில் ஒரு பட்டை. அதைப் புரதம் என்று சொன்னது நீங்கள். புரதத்தின் அமைடு-1 பட்டை அலையெண் 1650 அருகில் வரும்; ஆனால் ஈரப்பதத்தின் பட்டையும் 1640 அருகில்தான் வரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் பொருள். ஆகவே 1650 மட்டும் போதாது, 1540 அருகில் அமைடு-2 பட்டையும் தெரிய வேண்டும். அதிலும் கார்பனேட்டின் 1420 பட்டை அகன்று பரவி அந்தப் பக்கத்தை மூடப் பார்க்கும். ‘கண்டறியப்பட்டது’ என்ற ஒரே சொல் இவ்வளவையும் விழுங்கிவிட்டது. ‘1650, 1540 ஆகிய அலையெண்களில் பட்டைகள் தெரிந்தன. இவற்றைப் புரதத்தின் அமைடு பட்டைகளாகக் கொள்கிறோம்’ என்று பிரித்து எழுதினால், எது அளவீடு, எது உங்கள் முடிவு என்று படிப்பவருக்குத் தெரியும். முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவர் பாடு. ‘கொள்கிறோம்’ என்று துணிந்து எழுதத் தயக்கமாக இருந்தால், சான்று இன்னும் போதவில்லை என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது இன்னொரு சோதனை.

எஃப்டிஐஆரை வெளி ஆய்வகத்தில் எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதினால் நீங்களே எடுத்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

திருத்தும் வழி: கோப்பில் ‘ப்பட்ட’, ‘ப்படுகி’, ‘ப்படும்’ மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். வெறும் ‘பட்ட’ என்று தேடினால் ஏற்பட்டது, வேறுபட்டது, உட்பட்டது எல்லாம் வந்து குவியும். அவை செயப்பாட்டுவினை அல்ல. ‘ப்பட்ட’ என்று தேடினாலும் தேவைப்பட்டது, புறப்பட்டது போன்றவை தட்டுப்படும், உங்கள் கட்டுரையில் ‘இப்பட்டை’யும் மாட்டும். அவற்றைத் தள்ளிவிட்டு மிஞ்சுவதில் ஒவ்வொன்றிலும் மேலே மின்வேதியியல் நண்பர் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். ஒரேயடியாக ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அமுக்க வேண்டாம். ‘ஐ’ உருபையும் கூடவே சேர்க்க வேண்டியிருப்பதால் வாக்கியம் உடைந்துவிடும்.

அதே கையோடு ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘நிகழ்த்தப்பட்டது’, ‘செய்யப்பட்டது’ மூன்றையும் பாருங்கள். ‘அளவீடு மேற்கொள்ளப்பட்டது’ என்றால் ‘அளந்தோம்’. ‘ஒப்பீடு செய்யப்பட்டது’ என்றால் ‘ஒப்பிட்டோம்’. உண்மையான வினை பெயர்ச்சொல்லுக்குள் போய் ஒளிந்திருக்கும். வெளியே இழுத்தாலே வாக்கியம் பாதியாகிவிடும். சுருக்கத்துக்குச் சொல் வரம்பு இருக்கும்போது இது பெரிய உதவி.

இன்னொன்று: ‘நாங்கள்’ வேண்டாம் என்று ‘ஆய்வாளர் கண்டறிந்தார்’ என்று எழுதும் பழக்கம் ஆய்வேடுகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மேற்கோள் காட்டும் மற்ற ஆய்வாளரா, நீங்களா என்று பிரித்தறிய முடியாது. தனி ஆள் எழுதும் ஆய்வேட்டில் ‘கண்டேன்’ என்பதே சரி. இருவர் எழுதினால் ‘கண்டோம்’.

காரைக்குடி ஆய்வு மாணவி

மிக்க நன்றி அண்ணே, ஐயா, மற்றும் நகல் திருத்துநருக்கு. இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

‘கானாடுகாத்தான் பகுதியில் பழைய வீட்டுச் சுவர்களிலிருந்து உதிர்ந்த பூச்சுத் துண்டுகளைச் சேகரித்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தினோம். இச்சுவர்கள் எந்த ஆண்டில் பூசப்பட்டன என்பதற்குப் பதிவு இல்லை. ஒப்பீட்டுக்குப் புதிய சாந்து தயாரித்தோம். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 3 லிட்டர் நீரில் சிறிது சிறிதாக இட்டு நீற்றினோம். கலவையின் வெப்பநிலை 90 டிகிரி வரை தானாக உயர்ந்தது. 28 நாள் கழித்து வில்லைகளை உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தோம். தெளித்ததும் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக மாறியது. ஓரம் நிறம் மாறவில்லை.’

இரண்டு ஐயங்கள். ஒன்று, செய்வினையில் எழுதினால் பாரபட்சமற்ற தன்மை போய்விடும், ‘நான் செய்தேன்’ என்று பெருமை பேசுவது போலாகும் என்கிறார் நெறியாளர். இதற்கு என்ன சொல்வது? மற்றொன்று, ஆங்கிலப் பிரதிக்கும் இதே முறைதானா?

அரிமான ஆய்வகம், காரைக்குடி

பத்தி நன்றாக வந்திருக்கிறது. ‘பூசப்பட்டன’ அங்கே இருப்பதும் பொருத்தம்.

நெறியாளரின் கவலை நியாயமான இடத்திலிருந்து வருகிறது, அதை மதித்தே பேசுங்கள். ஆய்வின் முடிவு செய்தவரைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் அவர் சொல்வது. அதைக் காப்பது அளவும் முறையும்: 105 டிகிரி, 24 மணி நேரம், 1 கிலோவுக்கு 3 லிட்டர், எத்தனை வில்லைகள், எத்தனை முறை அளந்தீர்கள், அளவீடுகள் எவ்வளவு சிதறின. இவை இருந்தால் வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கலாம். இவை இல்லாமல் ‘போதுமான நேரம் உலர்த்தப்பட்டது’ என்று எழுதினால், செயப்பாட்டுவினையாக இருந்தும் அது முழுக்க ஆசிரியரின் சொந்த மதிப்பீடுதான். ‘பொருத்தமற்ற மாதிரிகள் நீக்கப்பட்டன’ என்பது இன்னும் மோசம்: நீக்கியது யார், எந்த அளவுகோலில்? ‘விரிசல் கண்ட 4 வில்லைகளை நீக்கினோம்’ என்றால் பொறுப்பும் தெரிகிறது, காரணமும் தெரிகிறது.

பெரியவர்கள் எழுதியதையும் காட்டுங்கள். ஒளி, நிறம் பற்றி நியூட்டன் 1672-ல் வெளியிட்ட கடிதம் ‘நான் ஒரு முக்கோணக் கண்ணாடிப் பட்டகம் வாங்கினேன்’ என்ற போக்கில்தான் போகிறது. 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் ராமனும் கிருஷ்ணனும் எழுதிய குறிப்பு ‘நாம் இவ்வாறு கொண்டால்’ என்றே தொடங்குகிறது. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ அமைப்பை அறிவித்த முதல் வாக்கியத்தின் எழுவாய் ‘நாங்கள்’. இவற்றில் யாரும் பெருமை பேசவில்லை.

ஆங்கிலப் பிரதிக்கு: நேச்சர் குழும இதழ்கள் செய்வினையையே விரும்புவதாக ஆசிரியர்களுக்கான குறிப்பிலேயே சொல்கின்றன. அமெரிக்க வேதியியல் கழகத்தின் நடைக் கையேடு, சொல் குறைந்து நேராக வரும் இடத்தில் செய்வினை, செய்தவர் தெரியாத அல்லது முக்கியமில்லாத இடத்தில் செயப்பாட்டுவினை என்கிறது. முதலில் நீங்கள் அனுப்பும் இதழின் குறிப்பைப் படியுங்கள், பிறகு அதே இதழில் அண்மையில் வந்த சில கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் பாருங்கள். குறிப்பில் எதுவும் இல்லையென்றால் வந்த கட்டுரைகளின் வழக்கமே வழி.

ஆனால் தமிழில் செய்த மாற்றத்தை ஆங்கிலத்தில் அப்படியே செய்யாதீர்கள். ஐயா சொன்னது போல, அங்கே மாதிரியை முன்னால் நிறுத்த செயப்பாட்டுவினைதான் இயல்பான வழி. பத்து வாக்கியங்களும் ‘வீ டிரைடு, வீ வெய்டு, வீ கிரஷ்டு’ என்று தொடங்கினால் தமிழின் ‘பட்டது’ போலவே அதுவும் அலுக்கும். தமிழில் ‘ஓம்’ வாக்கியத்தின் கடைசியில் அடங்கி நிற்கிறது, ஆங்கிலத்தில் ‘வீ’ தலையில் நிற்கிறது. அதனால் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். செய்முறையின் வழக்கமான படிகளுக்கு ‘வேர் டிரைடு, வேர் வெய்டு’ இருக்கட்டும். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த இடம், வழக்கமான முறையிலிருந்து விலகிய இடம், ஒன்றை முடிவாகக் கொண்ட இடம் மூன்றிலும் ‘வீ’ வரட்டும். கலந்துரையாடல் பகுதியில் மற்றவர் கண்டதும் நீங்கள் கண்டதும் அடுத்தடுத்து வரும். அங்கே ‘இட் வாஸ் ஃபவுண்ட்’ என்றால் யார் கண்டது என்றே தெரியாது.

எச்சப் பிழை ஆங்கிலத்திலும் உண்டு. ‘யூஸிங் எ மைக்ரோமீட்டர், தி திக்னெஸ் வாஸ் மெஷர்டு’ என்றால் மைக்ரோமீட்டரைப் பிடித்தது தடிமன் என்றாகிறது. ‘தி திக்னெஸ் வாஸ் மெஷர்டு வித் எ மைக்ரோமீட்டர்’ என்று மாற்றினால் செயப்பாட்டுவினையிலேயே சரியாகிவிடும். ‘யூஸிங்’, ‘ஆஃப்டர்’ என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் தேடிப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் அகப்படும்.

யார் எதைச் செய்தார் என்பதற்குப் பல இதழ்கள் இப்போது தனியாகப் பங்களிப்புக் குறிப்பு கேட்கின்றன. அது இருக்கிறதே என்று செய்முறையில் பூசி மெழுக வேண்டாம். சாந்து அரைத்தது கொத்தனார் என்றால் ‘அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் அரைத்தார்’ என்று செய்முறையிலேயே எழுதுங்கள். கை மாறினால் சாந்தின் பதம் மாறும், ஆகவே அதுவும் முடிவைப் பாதிக்கும் ஒரு மாறி.

மின்வேதியியல் மேசை

மேலே விட்டுப்போன ஒன்று. இதே முறையைக் கொத்தனார்களுக்கோ பள்ளிச் செயல்திட்டத்துக்கோ செய்முறைத் தாளாகக் கொடுப்பதாக இருந்தால் ‘ஓம்’ வேண்டாம், ‘படும்’ வேண்டவே வேண்டாம். ‘சுண்ணாம்பு நீரில் இடப்பட வேண்டும்’ என்றால் யாரோ இடுவார்கள் என்று எல்லோரும் நிற்பார்கள். ‘முதலில் 3 லிட்டர் நீரைத் தொட்டியில் ஊற்றவும். கண்ணாடியும் கையுறையும் அணியவும். சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீரில் இடவும். கலவை தானாகச் சூடேறும், முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம்’ என்று ஏவலாகவே எழுதுங்கள். ஏஎஸ்டிஎம் சோதனை முறைகளிலும் செய்முறைப் படிகள் ஏவலில்தான் இருக்கும். இங்கேயும் ‘சூடேறும்’ என்பதை ‘சூடாக்கவும்’ என்று மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவி

சரி அண்ணே, செய்முறைத் தாளைத் தனியாக எழுதிக்கொள்கிறேன். படத் தலைப்பு எப்படி? ‘பினாப்தலீன் தெளிக்கப்பட்ட வில்லையின் எடுக்கப்பட்ட படம்’ என்று இருக்கிறது.

பள்ளத்தூர் நகல் திருத்துநர்

படத் தலைப்பில் முற்றுவினையே வேண்டாம். ‘பினாப்தலீன் தெளித்த வில்லையின் உடைந்த முகம், 28-ஆம் நாள். இளஞ்சிவப்பு: கார்பனேட்டாக மாறாத பகுதி. அளவுக்கோடு 10 மி.மீ.’ அவ்வளவுதான். ‘எடுக்கப்பட்ட படம்’ என்ற இரண்டு சொற்களும் படத்தைப் பார்த்தாலே தெரியும். வெளியார் எடுத்த படமாக இருந்தால் மட்டும் ‘படம்’ என்று போட்டு எடுத்தவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.